பேர் போடாத புடவை

காஞ்சிபுரத்தில் எங்கள் பழைய தெரு அம்மன் கோயிலில் என் சகலையின் பெயர் பதினோரு இடங்களில் இருக்கிறது. டியூப்லைட்டில் இருக்கிறது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் இருக்கிறது. செருப்பு விடுகிற இரும்புத் தட்டில்கூட இருக்கிறது. டியூப்லைட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து, அவர் பெயர், பட்டுக்கடையின் பெயர், கிளைகள் என்று எல்லாம் எழுதி முடித்த பிறகு வெளிச்சம் வருவதற்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் அதைப் போடுவதே இல்லை என்று நான் வீட்டில் சொல்வதுண்டு. என் மனைவிக்கு அது பிடிக்காது. சகலையின் மனைவி அவளுடைய சொந்த அக்கா.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். நெசவாளி மகன்தான், தறியில் உட்காரத் தெரியும், கூலிக்கு நெய்ததில்லை. பொருளாதாரச் சிந்தனையின் வரலாறு என்ற பாடம் முப்பது வருஷமாக என் தலையில். மாணவர்கள் தூங்குகிற பாடம், ஆனால் ஒரு வாரம் மட்டும் விழித்திருப்பார்கள். பணக்காரனுக்குத் தன் பணத்தில் கிடைக்கிற பெரிய சுகமே அதை நாலு பேர் பார்ப்பதுதான் என்று பழைய ஆசான்கள் எழுதி வைத்த பகுதி வருகிற வாரம் அது. வீணாக்கிக் காட்டினால்தான் ஊர் மதிக்கும் என்று பின்னால் வந்த ஒருவர் இன்னும் காரமாகச் சொன்னார். இதையெல்லாம் விளக்கிவிட்டு, "நமக்குத் தெரிந்த ஒரு பட்டுக்கடைக்காரர்..." என்று ஆரம்பிப்பேன். பெயர் சொல்வதில்லை. வகுப்பில் பாதிப் பேர் அவர் கடைப் பையில்தான் புத்தகம் கொண்டுவருவார்கள். நான் சொன்னது சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

எனக்கு அந்த வியாதி கிடையாது. இப்போது குடியிருக்க, ஊர் ஓரத்தில், செவிலிமேட்டில் சின்ன வீடு, பழைய மொபெட், கல்யாணத்துக்கும் கல்லூரிக்கும் அதே கதர்ச் சட்டை. ஏன் கார் வாங்கவில்லை என்று யாராவது கேட்டால் விளக்குவேன். கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

போன வருஷம் எங்கள் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தோம். அப்போது என் மனைவி, இரண்டு உயிரும் நல்லபடியாக வீடு வந்தால் தெரு அம்மனுக்குப் பட்டுப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். வந்தார்கள். பேத்தி நன்றாகக் கத்திக்கொண்டே வந்தாள். அடுத்த ஆடியும் வந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி எங்கள் அம்மனுக்குப் புதுப் புடவை சாத்துகிற நாள். புடவை கொடுத்த குடும்பத்தை முன்னால் நிறுத்தி, பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்து, குடும்பத் தலைவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பரிவட்டம் என்பது ஒரு முழம் பட்டுத் துணிதான். ஆனால் தினமும் பட்டு நெய்தே வாழ்கிற எங்கள் தெருவில் அந்த ஒரு முழத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் மனைவியின் ஒரு வருஷத்து ஆசை.

நான் குறுக்கே விழுந்தேன். கொடுப்பது சரி, பெயர் கூடாது என்றேன். பெயர் போட்டால் எனக்கும் சகலைக்கும் என்ன வித்தியாசம்?

"வேண்டிக்கினது நானு. பேரு வேணான்றது நீங்களா?" என்றாள்.

நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். தானத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஆரம்பித்து, இரண்டு நூற்றாண்டுச் சிந்தனையைக் கடந்து வந்தேன். பேத்தி தூங்கிவிட்டாள். என் மனைவி கடைசியில் சம்மதித்தாள். என் வாதத்துக்கு அல்ல, நான் நிறுத்த வேண்டும் என்பதற்காக என்று இப்போது புரிகிறது.

புடவைக்கு எங்கள் பழைய தெருவிலேயே கைவேலை சுத்தமான ஒரு நெசவாளியைப் பிடித்தேன். அவர் சகலையின் கடைக்குத்தான் நெய்கிறவர். சகலை நல்ல கையாகப் பார்த்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர். கடை வேலை முடிந்ததும் சொந்தப் பாவு நூலைத் தறியில் ஏற்றி எனக்கு நெய்து கொடுத்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, அசல் ஜரிகை. யார் வாங்கியது என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று தறிமேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, நடை திறப்பதற்குள், புடவையைச் செய்தித்தாளில் சுற்றிக் கோயில் வாசலில் வைத்தேன். கூடவே ஒரு சீட்டு: 'அம்மனுக்கு. ஒரு பக்தர்.' தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும் என்று அதை இடது கையால் எழுதினேன். வலது கையைவிட நன்றாகவே வந்திருந்தது.

அரை மணி கழித்து அந்தப் பக்கம் தற்செயலாகப் போனேன். அன்று மட்டும் மூன்று தடவை தற்செயலாகப் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றும் முன் நீள நூல்களைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்வது வழக்கம். அதற்குப் பத்துப் பேர் கூடுவார்கள், ஊர்க்கதை முழுவதும் அங்கே வரும். பூசாரி என் புடவையை அவர்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

யாரும் முகப்பைப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். உடலும் கரையும் கூடுகிற இடம் கோர்வை; அங்கே கட்டைவிரலை வைத்து ஒருவர் இரண்டு சாண் தூரம் தடவிக்கொண்டே போனார். பிறகு இன்னொருவர் தடவினார். இது அந்த வீட்டுக் கைதான், இவ்வளவு நெருக்கமாக அடிக்கிறவர் வேறு யார் என்றார்கள். என் நெசவாளியின் வீட்டை நோக்கிப் பத்துத் தலையும் திரும்பியது. அவர் யாருக்கு நெய்கிறார்? சகலையின் கடைக்கு. ஆக, கொடுத்தது யார்? பேசி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நெசவாளி மகனாகப் பிறந்துவிட்டு, காஞ்சிபுரத்தில் கையெழுத்தை மறைத்தேனே தவிர, புடவையில் இருந்த கையை மறைக்க மறந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்கலாம் என்று தோன்றியது. நெசவாளியை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் முகம் போன போக்கில் அவர்கள் சந்தேகம் உறுதியானது.

சகலை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் கமிட்டிக்காரர்கள் வீடு தேடிப் போனபோது நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

"சாமி சத்தியமா நான் குடுக்கலபா. நானா இருந்தா பேரு போடாம குடுப்பனா?" என்று அவர் நியாயமாகவே கேட்டார்.

அவ்வளவுதான். கமிட்டித் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு இடத்தில் பெயர் போட்ட மனிதர் பன்னிரண்டாவது தடவை வேண்டாம் என்கிறார் என்றால் எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே பேசியது. அவர் மறுக்க மறுக்க மதிப்பு ஏறிக்கொண்டே போனது. என் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. மறுநாள் வகுப்பில் கௌரவம் என்ற தலைப்பில் நான் பேசிய பேச்சில் கடைசி பெஞ்சே எழுந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை அம்மன் அரக்குப் புடவையில் நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். சகலையின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவர் கடைசிவரை வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை அவிழ்ந்து மூன்றாவது தடவைதான் நின்றது. அவர் பேரப் பிள்ளைகளின் நட்சத்திரங்கள் எல்லாம் வரிசையாக ஒலித்தன. முதல் வரிசையில் சகலையின் மனைவி நின்றாள். என் மனைவி பேத்தியைத் தூக்கிக்கொண்டு நாலாவது வரிசையில் நின்று, குழந்தைக்கு அம்மன் தெரியவில்லையே என்று எக்கி எக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த உயிருக்காக அந்தப் புடவை வந்ததோ அந்தக் குழந்தையின் பெயரை யாரும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் மொபெட்டிலிருந்து இறங்கியதும், "அம்மனுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

அதைத்தான் சொல்ல இருந்தேன்.

இரண்டு நாள் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை நெசவாளி வீட்டுக்குப் போனேன். மனைவிக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிவட்டம் கட்டிய சகலையின் படம் குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது கும்பிடுகள் வாங்கியதும் ஒரு காரணம். நெசவாளி தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எதிர்ப்பக்கம் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். சத்தியத்திலிருந்து உங்களை விடுவிக்கிறேன், இனி தெருவில் உண்மையைச் சொல்லலாம் என்று கொஞ்சம் கம்பீரமாகவே அறிவித்தேன்.

அவர் தறி அடிப்பதை நிறுத்தினார்.

"சார், அத நான் வெள்ளிக்கெழமையே ஒடைச்சிட்டேன். வீட்டம்மா கொழந்தயத் தூக்கிக்கினு பின்னால நின்னுக்கினு இருந்தாங்க பாருங்க, மனசு கேக்கல. பாவுல கமிட்டி ஆளுங்க எல்லாரும் இருக்கசொல்லவே சொல்லிட்டேன்."

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் தயங்கி, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா குனிந்துகொண்டார்.

"ஒருத்தரும் நம்பல சார். வாத்தியாரா? வாத்தியாரு குடுத்திருந்தா, பேரு போடாம குடுத்தேன்னு இந்நேரம் ஊர் பூரா கிளாஸ் எடுத்துக்கினு இருப்பாரேன்றாங்க."

அதற்கு என்னிடம் ஒரு மணி நேர விளக்கம் இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். தறிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரே வரியில் கேட்டேன், விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அவள் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படிக் கேட்டதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதோ, எழுதிவிட்டேன்.