சிவநேசன் அண்ணன் சாய்த்து வைத்த பீரங்கி

சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார் என்று அவர் மனைவி அனுப்பிய குரல் செய்தி, நான் அல் கூஸ் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தும்போது வந்தது. லீவுக்குப் போனவர். அவர் மேசையில் இடுக்கியும் பசைக் குப்பியும் வைத்த இடத்திலேயே இருந்தன.

கட்டட மாதிரிகள் செய்யும் எங்கள் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய நிதானம் தெரியும். அதனால் எனக்கு ஏறிய இரத்த அழுத்தமும் தெரியும். டெலிவரி தேதிகளைக் கட்டிக்கொண்டு அழுபவன் நான். "அண்ணே, யல்லா, சீக்கிரம்!" என்று கத்தினால், "பொறும் தம்பி, பசை காயட்டும்" என்பார். அந்தப் பசை காய்ந்ததே கிடையாது.

அபுதாபிச் செல்வந்தர் ஒருவர் தன் வீட்டுக் காட்சியறைக்கு முதல் உலகப் போர்க்கால விமானத்தின் மாதிரி ஒன்றைக் கேட்டிருந்தார். அதன் மூக்கில் ஒரு பீரங்கி. சாதாரணப் பீரங்கி என்றால் சுட்ட உதையிலேயே அந்த மர விமானம் ஆட்டம் கண்டுவிடும். இதற்கு இரண்டு பக்கமும் வாய். முன்னால் குண்டு போகும்போது, அதே எடைக்கு ஈயக் குண்டுகளும் கிரீசும் பின்னால் பீறிட்டுப் போகும், உதை தெரியாது. பழைய படங்களைத் தேடிப் பார்த்து அண்ணன்தான் இதை எனக்கு விளக்கினார்.

வரைபடத்தில் பீரங்கி நேராக இருந்தது. அண்ணன் அதன் முன்வாயைக் கீழே சாய்த்து ஒட்டியிருந்தார்.

"நேரா இருந்தாத்தானே அண்ணே கம்பீரம்?"

"முன்னுக்குப் போறதைத்தான் எல்லாரும் பாக்கினம், தம்பி. நேரா வச்சுச் சுட்டா, பின்னால வாற ஈயம் அங்க இருக்கிற விமானியின்ர முகத்தில அடிக்கும். சாய்ச்சா அவன்ர தலைக்கு மேலால போயிடும்."

விமானி கட்டைவிரல் நகமளவு பொம்மை. "பொம்மைக்கெல்லாம் வலிக்காதுண்ணே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர் வீட்டுக்குப் போனதும் நானே பீரங்கியை நேராக்கி ஒட்டி அனுப்பிவிட்டேன். எனக்கு விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. வரைபடப்படி இல்லையென்று திரும்பி வந்து டெலிவரி தவறினால் வேலை போய்விடும் என்ற பயம். காட்சியறையிலிருந்து பிறகு வந்த புகைப்படத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்காமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

செய்தி வந்த வாரக் கடைசியில், மாதிரியைப் பார்க்க அந்தச் செல்வந்தர் வீட்டில் அனுமதி வாங்கி, அண்ணனுடைய இடுக்கியையும் பசையையும் எடுத்துக்கொண்டு அபுதாபிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பீரங்கி கீழே சாய்ந்திருந்தது. அவர் வைத்த அதே சாய்வு.

"இலங்கைக்கார அண்ணன் அப்பவே வந்து சரி பண்ணிட்டாரே சார்," என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தென்காசிக்காரர். "யாரு செஞ்ச தப்புன்னு முதலாளி கேட்டாரு. 'என்ர பிழைதான்'னு சொன்னாரு."

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

இடுக்கியை அவர் மகளுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பிழையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணே. அது என்னுடையது.