மூடினால் எரியும் லைட்

இது நடந்தது. நம்ப விரும்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். உங்களைக் கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க எனக்கு நேரம் இல்லை. அந்தக் கார் இன்றைக்கும் லண்டன் வெம்பிளியில் ஓடுகிறது. நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இந்தக் கதையில் கிடையாது. 2006ஆம் ஆண்டு, மார்கழி மாதம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரம். பேய்க்குக் கூட அந்த நேரத்தில் வெளியே வர வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

ரயில் பாதைக்குக் கீழே கராஜ் வைத்திருந்தார் கமலநாதன். ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் கார் கொண்டுவருகிற எல்லோரும் அவருக்கு மடையர்கள். டொக்டர் வந்தால் படித்த மடையர், கடைக்காரர் வந்தால் காசுள்ள மடையர். பெண்கள் வந்தால் முகத்தைப் பார்த்துக்கூடப் பேசமாட்டார். டயரைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்லுவார்.

அன்றைக்கு வந்தவள் செல்வமலர். விடியற்காலை ஷிப்டுக்கு விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப் போகிறவள். வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய கார் அது, இங்கே யாரோ ஓட்டி விற்றதைப் புருஷன் குலசேகரம் ஏலத்தில் எடுத்தது. பெற்றோல் மூடி சரியாகப் பூட்டாவிட்டால் எச்சரிக்க அதில் ஒரு மஞ்சள் லைட் இருந்தது. அந்த லைட்தான் வாரக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது.

"மூடியை ஒழுங்காய்ப் பூட்டேல்லை. வேறை என்ன," என்றார் கமலநாதன், டயரைப் பார்த்து.

"பூட்டினால்தான் அண்ணை எரியுது. கழட்டினால் அணையுது."

கமலநாதனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதவைத் திறந்து வைச்சால் வீடு பூட்டுப்படுமோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "அவர் உங்களுக்குப் போன் எடுப்பார். என்ரை கவனக்குறைவு எண்டு நீங்கள் சொன்னால், கார்த் திறப்பைப் பறிச்சுப் போடுவார். அந்த நேரத்திலை எனக்கு பஸ் இல்லை அண்ணை. வேலை போயிடும்."

குலசேகரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலாம் தரம்தான் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது, அவளுக்கு முதல் தரமே கிடைத்துவிட்டது. அந்த எரிச்சலை மனதுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு சாட்டுக்காகக் காத்திருந்த மனுஷன் அவர். மஞ்சள் லைட் அவருக்குக் கடவுள் கொடுத்த சாட்டு.

பிள்ளையை எடுக்கச் செல்வமலர் போய்விட்டாள். கமலநாதன் கராஜில் தனியே நின்று காரின் வலது பக்கத்தில் பெற்றோல் மூடியை மறைக்கிற சின்னக் கதவைத் திறந்தார். அதன் உட்புறத்தில் காய்ந்துபோன சந்தனமும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன. கார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஸ்டியரிங்கில் பொட்டு வைப்பார்கள், பொனற்றில் வைப்பார்கள். பெற்றோல் விடுகிற ஓட்டைக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

"விசர்ச் சனங்கள்," என்று எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்து எறிந்தார்.

பழைய மூடியைக் கழற்றி, புதிய மூடி ஒன்றைப் பூட்டினார். கிளிக், கிளிக், கிளிக். காரை ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரத்தில் லைட் எரிந்தது.

மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்தார்.

லைட் அணைந்தது.

கொம்பியூட்டரைப் பொருத்தி இன்னொரு தரம் செய்து பார்த்தார். அதே கதைதான். அவள் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்று நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. வயரில்தான் பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புகை மெஷினை இழுத்து வந்தார்.

அது எளிமையான சாமான். பெற்றோல் ஆவி போகிற குழாய்க்குள் வெள்ளைப் புகையைச் செலுத்தும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும். இப்போது மூடியே இல்லை. அடுப்புப் புகைபோக்கி மாதிரி அந்த வாயால் புகை குபுகுபுவென்று தள்ளவேண்டும்.

மெஷின் உறுமியது. ர்ர்ர்ர்…

புகை வரவில்லை.

மெஷினின் முள்ளைப் பார்த்தார். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கும் ஒழுகவில்லை. வாய் திறந்து கிடக்க, யாரோ அடைத்துப் பிடித்த மாதிரி…

ரொர்ச்சை எடுத்துக் குனிந்தார்.

வாயின் விளிம்பில் தண்ணீர் இருந்தது. சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது. டொக்… டொக்… வெளியே மழை இல்லை. கராஜுக்குக் கூரை இருந்தது.

அப்போது புகை வந்தது.

குபுகுபுவென்று அல்ல. மெல்லிய கோடுகளாக.

பக்கத்துப் பக்கத்தில் நாலு கோடுகள்.

விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அது. விளங்கியும் அவர் விளங்காத மாதிரி நின்றார். புகை மேலே ஏறி, எதன்மேலோ தவழ்ந்தது. முதலில் விரல் மூட்டுகள் தெரிந்தன. பிறகு மணிக்கட்டு.

அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

கமலநாதன் கையை நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரியாது.

குளிர்ந்த ஈரம். தோல்.

அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். கமலநாதன் ஓடவில்லை. துணிவால் அல்ல, திமிரால். தான் காணக்கூடாத ஒன்றைத் தன் கராஜில் காண்பதா என்ற ஆத்திரம். மெஷினை நிறுத்திவிட்டு, புதிய மூடியை அந்த வாயில் வைத்து அழுத்தி, பெரிய குறட்டால் பிடித்து முறுக்கினார்.

கிளிக்.

ம்…

கிளிக்.

ம்ம்…

கதவிடுக்கில் விரல் அகப்பட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற சத்தம்.

கிளிக்.

பிறகு சத்தம் இல்லை. போன் அடித்தது. குலசேகரம்.

"என்னவாம் அண்ணை? அவளின்ரை பிழைதானே?"

பேய் என்று சொன்னால் வெம்பிளி முழுக்கச் சிரிக்கும். மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தே வாழ்ந்த மனுஷனுக்கு அதைவிடச் சாவு நல்லது.

"ஓம். மூடியை ஒழுங்காய்ப் பூட்டுறேல்லை. ஓடவிட லைட் தானாய் அணையும்."

அந்த ஒரு சொல்லில் செல்வமலரின் திறப்பு பறிபோனது.

இரண்டு கிழமை கழித்து, நல்ல மழைநாளில், அதே கார் கராஜுக்குள் வந்தது. ஓட்டி வந்தவள் செல்வமலர். குலசேகரம் ஓட்டியபோதும் லைட் எரிந்ததாம். தன் பலமெல்லாம் கூட்டி இறுக்கினாராம், இன்னும் எரிந்ததாம். தனக்கும் மூடி பூட்டத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், திறப்பை மேசையில் எறிந்துவிட்டுப் படுத்துவிட்டாராம். ஒரு கிழமைச் சம்பளம் வெட்டுப்பட்டதோடு அவளுடைய வேலை தப்பிவிட்டது.

அவள் கமலநாதனின் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோயிலிலை ஒரு மனுசி காரைக் கண்டு அழுதா. கிரிஜா எண்டு பேர். கார் அவையின்ரையாம். பெற்றோல் அடிச்சுப்போட்டு மூடியைக் காரின்ரை முதுகிலை வைச்சு மறந்திட்டினமாம். நெடுஞ்சாலையிலை போகேக்கை அது விழுந்திட்டுதாம். நல்ல மழை. பெற்றோல் ராங்குக்குள்ளை தண்ணி போகாமல், புருஷன் ரோட்டோரம் நிண்டு உள்ளங்கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டவராம். இவ உதவிக்குக் கூப்பிட ரோட்டோரப் போன் பெட்டி தேடிப் போனவ."

"பிறகு?"

"லொறி. காரிலை ஒரு கீறல் இல்லை. ஆளைத்தான் இழுத்துக்கொண்டு போனது. கை மட்டும் அதிலையே இருந்ததாம். விக்க முதல் அந்த இடத்திலை சந்தனம் வைச்சது அவதான்."

கமலநாதன் காரைப் பார்த்தார். பெற்றோல் வாய் மூடியில்லாமல் திறந்து கிடந்தது. மழைக்குள்ளால் வந்த கார். உள்ளே மஞ்சள் லைட் எரியவில்லை.

செல்வமலர் கைப்பையிலிருந்து புதிய மூடியை எடுத்து மேசையில் வைத்தாள். அதைச் சுற்றிக் குறட்டின் பல் பதிந்திருந்தது.

"இதைத் திருப்பித் தரத்தான் வந்தனான் அண்ணை. அந்த மனுசி ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. 'தங்கச்சி, மூடியை மட்டும் இறுக்கிப் போடாதேங்கோ. அவருக்குக் கை நோகும்.'"