பிலிமத்தலாவையில் எடுத்த பைக்

“…பொம்பள இல்லாத ஊட்டுல அடுப்புக்கும் காய்ச்சல் வரும், மச்சான். வாணாமெண்டா இப்பவே சொல்லு, இந்த எடத்திலயே ஆட்டோவத் திருப்புறேன்.”

கெட்டம்பை வளைவில் அப்பாவின் கூட்டாளி இப்படிச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. பின்சீட்டில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கூட்டாளி அலவத்துகொடைக்காரர், கண்டி டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா, அம்மாவுக்கு மட்டும் ‘நானா’, அவரைப் போன்ற முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற சொல். எதற்கும் ஒரு சொலவடை வைத்திருப்பார். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒன்றைச் செய்துவிடுவார். வாயில் வந்ததை விழுங்கத் தெரியாத மனிதர்.

பிலிமத்தலாவையில் ஒருவர் தன் பைக்கை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்த்து எடுத்துவரப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தாள். பாஸ்போர்ட் வந்து, மெடிக்கல் முடிந்து, ஏஜென்சியில் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அதற்குத் தடையாக நின்றது நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடம் வரைக்கும் தினமும் என்னை இறக்கத்தில் கூட்டிக்கொண்டு நடப்பவள் அம்மாதான். அப்பா விடியுமுன்னே சாப்பாட்டுக்கடையில் ரொட்டி தட்டப் போய்விடுவார். ஒரு பைக் இருந்தால் இடையில் ஓடி வந்து என்னைக் கொண்டுபோய் விடலாம். அதனால் பைக் கிடைத்தால் அம்மா போவாள், கிடைக்காவிட்டால் போகமாட்டாள்.

“பைக் சரியில்லன்னா அவ போற பேச்சே இல்லடா,” என்றார் அப்பா. “காலையிலகூட அவகிட்ட அதத்தான் சொல்லிட்டு வந்தேன். நாளைக்குக் கையெழுத்து. வேற வண்டி தேட நேரமும் இல்ல. நீ பார்த்துச் சொல்லு. எனக்கு என்ஜின் தெரியாது, ஒன்னையத்தான் தெரியும்.”

அத்தனையும் என் காதில் விழுந்தது. ஆனால் அதில் எனக்குப் பிடிபட்டது பைக் மட்டும்தான். அம்மா போவதென்றால், பக்கத்து லயத்துக்கு வந்து இறங்கிய பூப்போட்ட கம்பளியும் சாக்லேட்டும் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்கும் வரும், அவ்வளவுதான். போனவர்களைப் பற்றி யார் எனக்குச் சொன்னார்கள்? வந்த பெட்டிகளைத்தான் பார்த்திருந்தேன்.

பேராதனைப் பாலத்தில் மாமா வேகத்தைக் குறைத்தார். பிறகு, “பழைய பைக்கும் பழைய கூட்டாளியும் ஒண்டுதான். ஒதச்சாத்தான் எழும்பும்,” என்றார். அப்பா சிரித்தார். அன்று வீட்டிலிருந்து புறப்பட்டபின் அப்பா சிரித்தது அப்போதுதான்.

பைக்கின் சொந்தக்காரர் தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஐயா. பித்தளைக் கடைகளுக்குப் பின்னால் வீடு. பைக்கைப் பழைய கட்டில் விரிப்பால் மூடி வைத்திருந்தார். விரிப்பை நீக்கியதும் நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. கந்தோருக்கும் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வண்டிப் புத்தகத்தைக் காட்டவும் தேத்தண்ணி கொடுக்கவும் அப்பாவை உள்ளே கூட்டிப்போனார்.

நானும் மாமாவும் வெளியே நின்றோம். மாமா ஒரே உதைதான் உதைத்தார். எழும்பிவிட்டது. குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“கேளுங்க மகள், பால் குடிச்ச பூன மாதிரி,” என்றார்.

சொன்ன கையோடு முகம் வாடியது. என்ஜினை நிறுத்தினார். ஹேண்டிலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா வெளியே வந்ததும், “வாணாம் மச்சான்,” என்றார். “உள்ளுக்குத் தட்டுற சத்தமொண்டு ஈக்கி. இண்டைக்கி வாங்கினா நாளைக்கி கராஜ்லதான் நிக்கும்.”

என்ன சத்தம், எந்தப் பக்கம் என்று அப்பா கேட்கவே இல்லை. அவர் முகம் விழுந்துபோகும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, மூட்டையை இறக்கி வைத்தவர் போல ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

“அப்புடியா? சரி, விடு. வேணாம்னா வேணாம்,” என்றார். “வா, போவோம். அவ பார்த்துக்கிட்டு இருப்பா.”

அந்த முற்றத்தில் அழுகை வந்தது எனக்கு மட்டும்தான்.

“இல்லப்பா, மாமா பொய் சொல்றாரு,” என்றேன். “பால் குடிச்ச பூன மாதிரி இருக்குன்னு இப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு.”

ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் வண்டியை யாரோ குறை சொல்லிவிட்டார்கள் என்று புரிந்திருக்க வேண்டும். வேகமாக வந்து தானே உதைத்தார். பைக் எழும்பியது. நாங்கள் நாலு பேரும் நின்று கேட்டோம். ஒரு தட்டலும் இல்லை.

அப்பா கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

“தெரியாம இருந்தா வேற கத, மச்சான்,” என்றார் அப்பா, மெதுவாக. “இப்ப நான் போயி அவ மொகத்தப் பார்த்து, வண்டி சரியில்லன்னு எப்புடிடா சொல்றது?”

ஐயாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார்.

அம்மா அந்த மாதமே போனாள். அதற்குப் பிறகு பதினொரு வருடத்தில் மூன்று தரம் லீவில் வந்தாள். ஒரேயடியாக வந்து சேர்ந்த அன்று, சீனிப்போத்தல் எங்கே இருக்கிறது என்று விருந்துக்கு வந்தவள் போல என்னிடம் கேட்டாள். பிலிமத்தலாவையில் நான் வாய் திறந்ததை அப்பாவும் மாமாவும் அவளிடம் சொல்லவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குக் காலே தரையில் பாவவில்லை. அப்பா என்னைத் தூக்கி முன்னால் டேங்கின் மேல் உட்காரவைத்தார். ஸ்டார்ட் பண்ணப் போகும்போது மாமா, “பொறு மச்சான்,” என்றார். ரோட்டைத் தாண்டி மரக்கறிக் கடைக்குப் போய் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார்.

“ஒங்கட வழக்கத்த ஏன் உடோணும்?” என்றார்.

பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட வெட்கத்தில்தான் இதெல்லாம் செய்கிறார் என்று நினைத்தேன். மாமா குனிந்து ஒரு பழத்தைப் பின்சக்கரத்தின் அடியில் வைத்தார். முன்னால் வந்து மற்றதை வைத்தார். அங்கே நிலம் சரிவு. பழம் உருண்டு உருண்டு ஓடியது. இரண்டு தரம் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, சக்கரம் நெருங்கும்வரை அதை விரலால் பிடித்துக்கொண்டார்.