துரை வீட்டு ஆடும் நாற்காலி

வில்லாபுரத்திலிருந்து வந்த அந்த மெத்தைக்காரரை எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. ஒல்லி உடம்பு, காதோரம் நரை, வாய் நிறையச் சின்ன ஆணிகள். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். ஆணி அடிக்கும்போதாவது சரி, பழைய துணியைப் பிரிக்கும்போதும் ஏன் அவை வாயிலேயே இருக்க வேண்டும்? பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் என்று தோன்றியது.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் நான் எடுத்த ஆடும் நாற்காலிக்குப் புது மெத்தை தைக்கத்தான் அவரை வரவழைத்திருந்தேன். உள்ளே துரை எதையாவது ஒளித்து வைத்திருப்பாரோ என்ற நினைப்பில், மெத்தைக்காரர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். பழைய தேங்காய் நாரைப் பிடுங்கும்போது அவர் கை ஓரிடத்தில் நின்றது. என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எதையோ எடுத்து வேட்டி மடியில் செருகினார்.

"மடியில என்னய்யா? எடு வெளிய!"

ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, மடியை அவிழ்த்துக் காட்டினார். துருப்பிடித்த பாதிக் கோணி ஊசி.

"முன்னாடி தச்சவன் ஒடிச்சு உள்ளயே விட்டுட்டான்யா. இதை வீட்டுக்காரர் கண்ணுல காட்ட மாட்டோம். எங்க தொழில்ல அப்படித்தேன். அவனும் பொழைக்கணும்ல?"

"அவன் யாருன்னு தெரியுமா?"

"எவனா இருந்தா என்னய்யா?" ஆணிகள் மறுபடி வாய்க்குள் போயின.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்காமல் இன்றுவரை நான் அதில் உட்கார்ந்ததில்லை. அவருடைய ஊசியும் உள்ளே ஒடிந்து கிடந்தால், அடுத்து வருகிறவர் என்னிடம் சொல்லவா போகிறார்?