கரண்ட் போகாத ஊர்க்காரர்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க முடியாமல் துணி காயப்போட மாடிக்குப் போய், பாலையும் கோட்டை விட்டு, துணியையும் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருகிற ஆள் நான். இப்படிப்பட்டவள் ஒரு கணினி மொழியின் பிழைகளைத் திருத்துகிற வேலையில் போய் விழுந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அந்த வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணமாகி மதுரை கே.கே. நகரில் குடியிருந்தோம். நிரல் எழுதுவதற்கான அந்த மொழி யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே எட்டிப் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்த சிலர் சம்பளம் வாங்காமல் அதைப் பராமரித்தார்கள். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். இணையமும் ஃபோன் லைனில்தான், திறந்தால் வீட்டு ஃபோன் செத்துவிடும். மாமியார் ரிசீவரைக் காதில் வைத்து, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைப்பார். அப்படி ஒன்றும் சொல்லாமல் வைப்பதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

என் வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீ ஊட்டி வளக்குற பிள்ளை எந்த ஊருப் பிள்ளைன்னே தெரியலையே" என்பார்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தை மருத்துவர் கிளினிக் வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. கைராசிக்காரர் என்று பெயர். அதைவிடக் கோபக்காரர் என்று பெயர். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட வேண்டும் என்று காட்டுகிற ஒரு சின்ன நிரலை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், நான் பராமரிக்கிற அதே மொழியில். அதை நாள்தோறும் இயக்கியவள் வரவேற்பில் இருந்த பெண். செல்லூர்க்காரி. அப்பா விசைத்தறியில் வேலை. வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். எங்களிடம் பேசும்போது சுத்தமான மதுரைத் தமிழ், அதுவும் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரலில். "டோக்கன் ஒம்போது!" என்று அவள் கூப்பிட்டால் தூங்குகிற குழந்தையும் எழுந்து அழும்.

ஒருநாள் சாயங்காலம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கரண்ட் போய் அப்போதுதான் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டரில் குழந்தைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்த ஃபிளாப்பியைப் போட்டால் அது கரகரவென்று கத்தியதோடு சரி.

"இவ எந்நேரமும் அதுல சீட்டு விளையாடிக்கிட்டிருக்கா. எதையோ அமுக்கி எல்லாத்தையும் அழிச்சுப்புட்டா" என்றார் டாக்டர். சொன்னது என்னிடம். அந்தப் பெண் ஓரடி தள்ளி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழந்தைகளின் பட்டியல் இருந்த கோப்பைப் பார்த்தேன். கோப்பின் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. அழித்திருந்தால் பெயரும் சேர்ந்து போயிருக்கும். "டாக்டர், இது மொழியோட தப்பா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மொழி எப்படிம்மா தப்புப் பண்ணும்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "மாசக் கடைசி வரைக்கும் இவ இருக்கட்டும். தாய்மாருங்க தடுப்பூசி அட்டையெல்லாம் வாங்கித் திரும்ப ஏத்திக் கொடுத்துட்டுப் போகட்டும். ஒண்ணாந்தேதிலேர்ந்து திருமங்கலத்துலேர்ந்து வேற பொண்ணு வருது."

அந்தக் குடும்பத்தில் அவள் சம்பளம்தான் மாதம் தவறாமல் வருவது என்று எனக்குத் தெரியும். திருட்டுப் பட்டம் மாதிரி ஒரு பட்டத்தோடு ஒரு கிளினிக்கிலிருந்து வெளியே வந்தால் கே.கே. நகரில் இன்னொரு கிளினிக் அவளைச் சேர்க்காது என்பதும் தெரியும். மாதக் கடைசிக்குள் மொழியின் தப்பை நான் நிரூபித்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மொழியின் உள்ளே புகுந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் அகப்பட்டது. கோப்பைச் சேமிக்கிற இடத்தில், முதலில் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புதியதை எழுத ஆரம்பிக்கிறது. நம் வீடுகளில் யாராவது குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் இருக்கிற குடத்தைக் கவிழ்ப்பார்களா? புதுக்குடம் நிரம்பிய பிறகுதான் பழைய தண்ணீரைக் கொட்டுவோம். மொழியின் அந்தப் பகுதியை எழுதியவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. தொடக்கத்தில் கிளினிக் பட்டியலில் குழந்தைகள் கொஞ்சம் பேர். எழுதுவது கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். குழந்தைகள் சேரச் சேர எழுதும் நேரமும் நீண்டுகொண்டே போயிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒருநாள் கரண்ட் போனது.

பிழையைப் பதிவு செய்வதற்கு ஒரு முறை உண்டு. நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். கடகடவென்று பதில் எழுதி அனுப்பினேன். அதன் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. வெங்காயம் நறுக்கும்போது எழுந்து போய் இணையத்தைத் திறப்பேன், பதில் வந்திருக்காது. காய்கறி வாங்கப் போய் பாதி வழியில் திரும்பி வருவேன், வந்திருக்காது. மாமியார் என் காலைப் பார்த்து, "சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

பதில் வந்தது. மொழியின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஏதோ பனி பெய்கிற ஊர்க்காரர். "என் இயந்திரத்தில் இந்தப் பிழை வரவில்லை. புகாரை மூடுகிறேன்." அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.

வராது. எப்படி வரும்? அவர் ஊரில் கரண்ட் போகாது. நான் திரும்ப எழுதினேன், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்தான் வரும் என்று. அதற்கு அவர், அப்படியானால் மின்கலம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

கிளினிக்கில் யூ.பி.எஸ். இருக்கத்தான் செய்தது. அதில் மாட்டியிருந்தது ஹாலில் இருந்த டி.வி.யும் ஃபேனும். கரண்ட் போகிற நேரமும் நாடகம் போடுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், காத்திருக்கும் தாய்மார்கள் முணுமுணுக்கக் கூடாது என்று டாக்டரே செய்த ஏற்பாடு அது. கம்ப்யூட்டரையும் அதில் மாட்டினால் மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் உயிரை விடும். பனி ஊர்க்காரருக்கு இதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்க மனம் வராவிட்டால் மதுரைக்கு வாருங்கள், நாங்கள் உங்களுக்காகத் தினமும் பிடுங்குகிறோம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

"வேலில போன ஓணான எடுத்து மடில விட்டுக்கிட்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு பதிலும் இல்லை. நாட்கள் ஓடின. நான் சும்மா இருக்க முடியாமல் திருத்தத்தை எழுதி முடித்தேன். புதியதை வேறு பெயரில் முழுதாக எழுதி, அது ஹார்ட் டிஸ்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகு, பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். எழுதுவது சுலபம். சோதித்துப் பார்ப்பதுதான் பாடு. மதியம் மாமியார் கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போனதும் மெயின் சுவிட்சை அணைப்பேன், போடுவேன், அணைப்பேன். ஃபிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் உடம்பை உலுக்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "உங்க வீட்ல மட்டும் லைட்டு விட்டு விட்டு எரியுதே, லைன்மேனக் கூப்பிடவா?" என்று அக்கறையாகக் கேட்டார். வேண்டாம் அண்ணே, சும்மா சோதிச்சுப் பார்க்கிறேன் என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போனார். திருத்தம் தேறியதும் அதையும் பனி ஊர்க்காரருக்கு அனுப்பி வைத்தேன்.

இதற்கு நடுவே கிளினிக் பக்கம் போனால் அந்தப் பெண் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தையாக ஏற்றிக்கொண்டிருப்பாள். "என்னக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?" என்பாள். "பதில் வரல, வந்துரும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிடுவேன்.

மாதம் முடியப் போகிற வாரத்தில் அந்த அஞ்சல் வந்தது. "ஒயரைப் பிடுங்கினேன். என் கோப்பும் போய்விட்டது. நீங்கள் சொன்னது சரி. உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்." மூன்று தடவை படித்தேன். கூடத்தில் சத்தமாகச் சிரித்தேன். அந்த மனுஷரை எனக்கு அப்போது அவ்வளவு பிடித்துப் போயிற்று. அஞ்சலை அச்செடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு, அடுப்பில் என்ன இருந்தது என்று பார்க்காமல் கிளினிக்குக்குப் பறந்தேன்.

டாக்டர் தாளைப் படித்தார். திருப்பியும் பார்த்தார். "சரிம்மா, கரண்ட் போனா போயிரும்னு அந்த ஆளு சொல்றாரு. அன்னைக்கு இவ அழிக்கலைன்னு இதுல எங்க போட்டிருக்கு?"

என்னால் அதற்கு மேல் பேச்சால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. "அப்ப நீங்களே பாருங்க டாக்டர். இப்ப இதுல இருக்கிறது பழைய மொழிதான். அவ ஏத்தினதுக்கெல்லாம் நான் வேற நகல் எடுத்துக்கிறேன். நீங்க உக்காந்து ஒரு பேரை ஏத்திச் சேமிங்க. நான் மெயினை அமத்துறேன்" என்றேன்.

ஹாலில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு பெயரைத் தட்டினார். "இப்ப!" என்றார். நான் மெயினை அணைத்தேன். இருட்டில் தாய்மார்கள் "அட" என்றார்கள். போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கோப்பு பத்திரமாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"கொஞ்சம் பிந்திட்டேன் டாக்டர். இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் எல்லாப் பெயரும் இருந்தன. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் மேசைக்கு அந்தப் பக்கம், டோக்கன் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "கடைசியா ஒண்ணு" என்று கெஞ்சினேன். இந்த முறை டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல், அவர் விரல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அணைத்தேன்.

வெளிச்சம் வந்தது. கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

டாக்டர் மேலும் கீழுமாகத் தேடினார். தான் தட்டிய பெயரைத் தேடினார். பிறகு திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், "நிசந்தான் போலருக்கு" என்றார். நியாயமாகச் சொன்னால் அவர் கெட்டவரில்லை. தப்பை ஒப்புக்கொள்ளப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் திரும்பி, அந்த மாதத்தில் முதல்முறையாக நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்: "சரி விடு. அந்தத் திருமங்கலத்துப் பிள்ளைய வரவேணாம்னு சொல்லிர்றேன். நீயே இரு."

நான் எதிர்பார்த்த இடம் இதுதான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் நினைத்தேன்.

அவள் டோக்கன் அட்டைகளை மேசையில் வைத்தாள். "இல்ல டாக்டர், நான் நிக்கல" என்றாள். ஹால் முழுக்கக் கேட்கிற அதே குரல். "மிஷினு தப்பான்னு பாக்க மூணு வாட்டி அமத்திப் பாத்தீங்க. அக்கா எந்த ஊருக்கோ எழுதிப் போட்டு மாசம் முழுக்க அலைஞ்சாங்க. நீ அழிச்சியாடின்னு என்னைய ஒரு வார்த்தை, நீங்களுஞ் சரி அக்காவுஞ் சரி, யாருமே கேக்கலையே."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அந்த மாதம் முழுக்க ஒரு இடத்தில் நிற்க முடியாமல் திரிந்தவள், இப்போது மெயின் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டியவள், பெஞ்சின் ஓரத்தில் ஒரு குழந்தையை மடியில் போட்டிருந்த தாயைப் பார்த்து நின்றாள். குனிந்து குழந்தையின் நெற்றியில் கையை வைத்தாள். உள்ளே திரும்பிச் சொன்னாள்:

"டாக்டர், டோக்கன் பதினாறுக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. மொதல்ல இந்தப் பிள்ளையப் பாத்துருங்க. நான் வாரேன்."