சரசக்கா பதில் சொன்ன ஸ்கேன்

பேய் பிசாசையெல்லாம் நான் நம்பியதே கிடையாது. என் குறட்டையைவிடப் பயங்கரமான அமானுஷ்யம் மைசூரிலேயே இல்லை என்பது என் மனைவியின் கட்சி. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து, கண் திறந்திருந்தும் அசைவில்லாமல் கிடந்தார். அவருடைய மனைவி சரசக்கா கூப்பிட, கணவர் மூளையில் எந்தப் பகுதி எந்தப் பகுதியைத் தூண்டுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்றும் தெரியாவிட்டால் சிகிச்சையை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

அவரை இயந்திரத்துக்குள் படுக்க வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் அக்காவை நிறுத்தி, விளக்கு எரியும்போதெல்லாம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன்.

"கட்டுனவரு பேரைச் சொல்றதாங் தம்பி? நானு மாட்டனுங்."

"கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சாருன்னா நமக்கு லாபம்தானேக்கா!"

அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். கடைசியில் "ஏனுங்க" என்று கூப்பிடுவதாக உடன்பாடு. ஆனால் விளக்கு எரிந்ததும் அக்கா சொன்னது வேறு: "இதா வந்துட்டனுங்க." ஒவ்வொரு முறையும் அதேதான். திரையில் மூளை பளிச்சென்று உயிர் பெற, டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எழுந்தவர் மைக்கைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார்.

"ஏன்றீ, மைக்கே ஆன் மாடில்வல்லா!"

நம் பராக்கிரமம் அது. அக்காவைச் சிரிக்க வைத்த பெருமையில் மைக்கின் பொத்தானை அமுக்க மறந்திருக்கிறேன். கதவு மூடி, உள்ளே இயந்திரம் தடதடக்க, படுத்திருந்தவர் காதுக்கு ஒரு சொல்லும் போயிருக்க வழியில்லை. மைக்கைப் போட்டு மறுபடி கூப்பிட வைத்தோம். இந்த முறை அக்கா ஒழுங்காக "ஏனுங்க" என்றே கூப்பிட்டார். திரையில் ஒன்றுமில்லை.

"முன்னாடி ஏன்க்கா வந்துட்டேன் வந்துட்டேன்னு சொன்னீங்க?"

"அவரு கூப்புட்டாருங் தம்பி, பதில் சொல்லாம இருக்க முடியுங்களா? இப்பக் கூப்புடலீங்."

மறுநாள் டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். காதில் சொல் விழுந்து அது பேச்சைத் தூண்டினால், எது எதைத் தூண்டுகிறது என்று காட்டும் அம்புக்குறி கேட்கும் பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும். மைக் போடாத ஸ்கேனில் அது பேசும் பகுதியிலிருந்து கிளம்பிக் கேட்கும் பகுதிக்குப் போயிருந்தது, கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவனைப் போல.

இயந்திரக் கோளாறாக இருக்கும் என்றார் டாக்டர். ஆனால் ஊருக்கு அனுப்பும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். சிகிச்சை இன்னும் நடக்கிறது, அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் அப்படியேதான் கிடக்கிறார். எனக்கு இன்றுவரை விளங்காதது வேறு. மைக் போடாத அந்த ஸ்கேனில், ஒரு சொல்லும் உள்ளே போகாதபோதும், அவர் மூளையின் துடிப்பு ஒவ்வொரு முறையும் அக்கா "வந்துட்டனுங்க" என்றதும்தான் அடங்கியிருந்தது.