குடை ரிப்பேர்க்காரனின் சாவு

செஞ்சியில் வேர்க்கடலை மண்டி, எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருப்பவர்களில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் ஒருத்தன்தான். மூட்டை தூக்க வந்த மண்டியையே பின்னாளில் விலைக்கு வாங்கினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, உழைத்தவன் சொல்லலாம்.

கதைப் புத்தகமெல்லாம் என் மனைவியின் ராஜ்யம். வல்லத்துக்காரி, பத்தாவது படித்தவள். சர்க்கரை அவள் கண்ணையும் கிட்னியையும் கெடுத்த பிறகு, ரத்தம் சுத்தம் செய்ய விழுப்புரத்துக்குக் கூட்டிப்போவேன். நாலு மணி நேரம் மெஷின் ஓடும்.

"சும்மாதான உக்காந்துனு இருக்கற? அந்தப் புக்க எனக்குப் படியா" என்றாள், பையில் கொண்டுவந்திருந்த கதைப் புத்தகத்தைக் காட்டி.

ஒரே தெருவில் நடக்கும் கதைகள். ஒவ்வொன்றும் தனிக்கதைதான். ஆனால் ஒரு கதையில் ஓரமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறவன் அடுத்த கதையில் மாப்பிள்ளையாக வந்து உட்காருவான். இன்னொரு கதை முழுக்கக் கல்யாண மண்டபத்து மைக் அறிவிப்புகள். காணாமல் போன செருப்பைத் தேடச் சொல்லியே அந்தக் குடும்பத்தின் சண்டையெல்லாம் சபைக்கு வந்துவிடும். இப்படியும் எழுதலாமா என்று வாயைப் பிளந்தேன். எல்லாக் கதையிலும் ஒரு குடை ரிப்பேர்க்காரன் வருவான். வாயைத் திறந்தால் பொய். கவர்னர் குடைக்கே கம்பி போட்டவன் என்பான். அவன் பேச்சு வந்தாலே இவள் சிரிப்பாள்.

நர்சுகள் எதிரில் எழுத்துக்கூட்டித் தடுமாறக் கூடாதென்று மண்டியிலேயே முன்கூட்டிப் படித்துப் பழகுவேன். மூட்டையின் நடுவில் குத்தூசி விட்டுச் சரக்கைப் பார்க்கிற புத்தி எனக்கு. புத்தகத்தில் படிக்காமல் மிச்சமிருந்த கடைசிப் பக்கங்களையும் அப்படியே நடுவில் திறந்தேன். அந்தக் கதையில் டீக்கடை வாசலில் குடைக்காரனின் சைக்கிள் மட்டும் நின்றது. ஆள் செத்துப்போயிருந்தான்.

இவளுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன வாரம் அது. அந்தச் சாவைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானே ஒரு கதை கட்டினேன். குடைக்காரன் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறான். பழைய குடைகளைக் காதருகே குலுக்கிப் பார்த்து வாங்கி, மாமியார் வந்தால் தானாக விரியும் குடை என்று விற்கிறான்.

கண்ணை மூடிக் கேட்டவள் சொன்னாள்: "இது புக்குல இல்ல."

"எப்டி சொல்ற?"

"குடைய எவன்யா குலுக்கிப் பாத்து வாங்குவான்? மல்லாட்டையா அது?"

"அஞ்சாவது படிச்சவன் கட்ன கததாம்மே! வேற எவனால முடியும்?"

"பெருமைய பாரு! சரி, அடுத்த தபாவும் ஒண்ணு கட்டு."

கட்டினேன். பல தடவை கட்டினேன். அவனைத் திருப்பதிக்கு அனுப்பினேன், கப்பல் ஏற்றினேன், சாக மட்டும் விடவில்லை. ஓர் அமாவாசையன்று திரும்பி வரும்போது மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களின் நெரிசலில் எங்கள் கார் நின்றுவிட்டது. என் தோளில் சாய்ந்திருந்தவள் கேட்டாள்.

"அவன் செத்துட்டானா?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"உசுரோட இருந்தா நீ இன்னாத்துக்கு இவ்ளோ மெனக்கெடப் போற? டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும்யா. உன் மூஞ்சி எதையும் மறைக்காது. புக்குல இருக்கற சாவயே படி."

அடுத்த முறை படித்தேன். பாடையைச் சுற்றி நின்று ஊரே சண்டை போடுகிறது. தன்னிடம் அவன் சொன்னது மட்டும் நிஜம், மற்றவர்களிடம் சொன்னதுதான் பொய் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்கிறார்கள். இவள் சிரித்த சிரிப்பில் டியூப் ஆடியது. நர்சு ஓடி வந்து, "ஆயா, கைய அசைக்காதீங்க!" என்று அதட்டினாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ஒரு கததான்."

"இருக்கட்டும். அடுத்த தபா படிக்கலாம்."

அடுத்த தடவை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மண்டியைத் திறந்த அன்று அந்தக் கடைசிக் கதையைப் படித்தேன். செத்தவன் வாலிபனாக அந்தத் தெருவுக்கு முதன்முதலாக வந்து இறங்குகிறான். கையில் குடைகூட இல்லை. டீக்கடையில் தன் முதல் பொய்யைச் சொல்கிறான். நான் கட்டிய கதைகளை மொத்தமாகத் தராசில் வைத்தாலும் இந்தக் கதைக்கு ஈடாகாது. அவற்றைக் கட்டிச் சொன்ன நாட்களில் இதைப் படித்திருந்தால் அவள் இதையும் கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.